தேயிலை மலையின் பல் கணக்கு

பல் மருத்துவம் படிப்பவர் சென்னையில் படித்தாலும் சிகாகோவில் படித்தாலும் ஈறு நோய்ப் பாடத்தில் மூன்று எண்களை மனப்பாடம் செய்தாக வேண்டும்: 8, 81, 11. பல்லை ஒழுங்காகத் துலக்காமல், வைத்தியமும் பார்க்காமல் விட்டால் நூறு பேரில் சுமார் 8 பேருக்கு நோய் வேகமாக முற்றிப் பற்கள் எல்லாமே போய்விடும். 81 பேருக்கு மெல்ல முற்றும். 11 பேருக்கு ஈறு வீங்குவதோடு நின்றுவிடும். எண்களுக்குப் பக்கத்தில் ‘இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். பரீட்சையில் கேட்பது எண்களைத்தான். அந்தத் தொழிலாளர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்கள் மலையகத் தமிழர்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களின் வழிவந்தவர்கள். ஈறு நோயைத் தொடாமல் விட்டால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி இவர்கள் வாயைப் பார்த்து எழுதியது. ‘மனிதரில் ஈறு நோயின் இயற்கை வரலாறு’ என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அதில் உள்ள ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லோடுதான் இந்தக் கட்டுரைக்கு வழக்கு. அங்கே பதிவானது நோயின் வரலாறுதான், சந்தேகமில்லை. ஆனால் அதை இயற்கை என்று சொல்ல வேண்டுமானால் தேயிலைத் தோட்டத்தையும் இயற்கை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஈறு நோய்க்குக் காரணம் தேடிய கதை, பெரும்பாலும் தவறான ஆளைப் பிடித்து அடைத்த கதை. ‘பல்லில் பூச்சி’ என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோம்; பல்லைப் புழு தின்கிறது என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. 1683இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கில் மாவுபோல் படிந்திருந்த வெள்ளைப் பொருளை வழித்து எடுத்து, தானே செய்த வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே சிற்றுயிர்கள் துள்ளி நீந்தின. தினமும் உப்பால் பல் தேய்க்கும் மனிதர் அவர். லண்டன் ராயல் சொசைட்டிக்கு வியந்து கடிதம் எழுதினார். ஆனால் அந்த உயிர்களுக்கும் ஈறுக்கும் முடிச்சுப் போடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுத்தே ஈறைத் தேற்றினார். நோய்க்கே அவர் பெயரை வைத்தார்கள். பிறகு ‘பயோரியா’ என்ற பெயர் நிலைத்தது. சீழ் ஒழுகுதல் என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. பல்பொடி விளம்பரங்களின் வழியாக அந்தச் சொல் தமிழுக்கும் வந்து, ‘பயோரியாவுக்குக் கைகண்ட மருந்து’ என்று டப்பாக்களில் ஏறி உட்கார்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் பாதி வரை மருத்துவர்கள் முதுமை, வைட்டமின் குறை, கடிக்கும்போது விழும் அழுத்தம், காரையின் சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். வயதானால் பல் விழத்தான் செய்யும் என்பது திண்ணைப் பேச்சாக மட்டும் இல்லை, பாடப்புத்தகத்தின் பேச்சாகவும் இருந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது 1965இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நோர்வேக்காரரான ஹரால்ட் லோ, எல்ஸ தைலாட, யென்சன் மூவரும் 12 பேரைத் தேர்ந்தார்கள். 9 பேர் முதலாண்டு பல் மருத்துவ மாணவர்கள், ஒருவர் ஆசிரியர், இருவர் ஆய்வக ஊழியர். எல்லாருக்கும் ஈறு நன்றாக இருந்தது. இவர்களுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றுதான்: பல் துலக்காதீர்கள். பல்லின் கழுத்தில் பிசுபிசுப்பான ஒரு படலம் சேரத் தொடங்கியது. பல் மருத்துவர்கள் ‘பிளேக்’ என்பது இதைத்தான். சாப்பிட்ட சோறு ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைப்பதுபோல் அது வெறும் எச்சில் அழுக்கு அல்ல. ஒன்றோடொன்று பசைபோட்டு ஒட்டிக்கொண்டு குடியிருக்கும் கிருமிகளின் ஊர். முதல் நாட்களில் உருண்டைக் கிருமிகள், பிறகு நூல்போல் நீண்டவை, கடைசியில் சுருள் வடிவங்கள் என்று அந்த ஊரில் குடிகள் மாறிக்கொண்டே வந்தன. 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசிந்தது. மறுபடி துலக்கச் சொன்னார்கள்; சுமார் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பழைய நிலை திரும்பியது. முதுமையும் வைட்டமினும் மூன்று வாரத்தில் வந்து ஒரு வாரத்தில் போக மாட்டா. குற்றவாளி பிடிபட்டது.

ஆனால் பாதி வழக்குதான் முடிந்தது. ஈறு சிவந்து ரத்தம் கசிவது ஒரு நிலை. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, ஈறுக்கும் வேருக்கும் நடுவே பை விழுந்து, பல் ஆடுவது அடுத்த நிலை. முதலாவது திரும்பும், இரண்டாவதில் போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்கு எல்லாரும் போவார்களா, போனால் எத்தனை ஆண்டில், எந்த வேகத்தில்? மாணவர்களை இருபது வருடம் பல் துலக்காமல் இருக்கச் சொல்ல எந்தப் பேராசிரியராலும் முடியாது. ஏற்கெனவே துலக்காதவர்களை, வைத்தியமே எட்டிப் பார்க்காதவர்களைத் தேடிப் போக வேண்டும். 1969இல் லோவின் குழு ஆஸ்லோவில் மாணவர்களும் கல்வித்துறையினருமாக 565 ஆண்களைக் கணக்கில் எடுத்தது. அந்த நகரத்தில் சுமார் 40 ஆண்டுகளாகக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஆண்டுதோறும் பல் பார்க்கும் திட்டம் நடந்துவந்தது. அதற்கு எதிர்த்தட்டில் வைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. இலங்கை புதிய ஊர் அல்ல. யென்ஸ் வார்ஹவுக் என்ற இன்னொரு நோர்வேக்காரர் வயது, துப்புரவு, சத்துக்குறைவு, வெற்றிலை, புகையிலை, இனம் என எல்லாவற்றோடும் ஈறு நோயைப் பொருத்திப் பார்த்து அங்கே செய்த ஆய்வை 1967இல் வெளியிட்டிருந்தார். 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயை லோவின் குழு பார்த்தது. தடுப்புத் திட்டமோ சிகிச்சையோ எதுவும் ஒருநாளும் எட்டாத மக்கள் என்று அவர்களை ஆய்வறிக்கை விவரிக்கிறது. ஆய்வுக்கு அவர்களின் தகுதியே அதுதான்.

அளக்கும் கருவி மிகச் சாதாரணமானது: முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக இறக்க வேண்டும். நல்ல ஈறில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் கம்பி நின்றுவிடும். பை விழுந்த இடத்தில் தடையில்லாமல் உள்ளே போகும். பல்லின் வெண்பூச்சு முடிந்து வேர் தொடங்கும் கோட்டிலிருந்து, ஈறு இன்னும் பிடித்திருக்கும் இடம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் ‘இழந்த பிடிமானம்’. 1970, 1971, 1973, 1977, 1982, 1985 என ஆறு தடவை இந்தக் கம்பி தோட்டத்துக்கு வந்து போனது. படலமும் காரையும் கறையும் எல்லார் பல்லிலும் ஒன்றுபோல் அடர்ந்திருந்தன. ஏறக்குறைய ஈறின் எல்லாப் பகுதியும் வீங்கியிருந்தது. விரைந்து முற்றிய குழுவில் 35 வயதில் இழந்த பிடிமானம் சராசரி 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13. முன்பல் ஒன்றின் வேர் முழுதுமே ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் குழுவில் 35 வயதில் 12 பல் போயிருந்தது, 40இல் 20, 45இல் ஒன்றும் மிச்சமில்லை. நடுக்குழுவுக்கு 45 வயதில் சராசரி 7 பல் இழப்பு. 40 வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்கு இழந்த பிடிமானம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தோட்டத்தாருக்கு நாலரை. இதில் விசித்திரம் என்னவென்றால் இவர்கள் பல்லில் சொத்தை அநேகமாக இல்லை. விழுந்த ஒவ்வொரு பல்லும் ஓட்டை இல்லாத முழுப் பல். நல்ல வீட்டை விட்டுவிட்டு அதன் அடியிலிருந்த மண்ணை மட்டும் அரித்தெடுத்ததுபோல.

இந்தக் கணக்கு மருத்துவத்துக்குச் செய்த உதவியைக் குறைத்துச் சொல்வது நேர்மையல்ல. வாய் நிறையப் படலம் இருந்தும் 11 விழுக்காட்டினருக்கு எலும்பு கரையவில்லை. அப்படியானால் கிருமி மட்டும் போதாது, அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் சேர்ந்துதான் நோயின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் இங்கிருந்து வலுப்பெற்றது. இன்று சர்க்கரை நோய், புகைப்பழக்கம், பரம்பரை என்று மருத்துவர் கேள்விமேல் கேள்வி கேட்பதற்கு ஆதாரம் அந்த எண்ணம். 2018இல் வெளியான புதிய வகைப்பாடு ஈறு நோயை எவ்வளவு சேதம் என்று மட்டும் பார்க்காமல், ஐந்தாண்டில் எவ்வளவு வேகம் என்று மூன்று தரமாகவும் பிரிக்கிறது. தோட்டத்தின் மூன்று குழுக்களை அறிந்தவருக்கு அந்த மூன்று தரங்கள் அந்நியமாகத் தோன்றா. வலி இல்லாமலே பல் போகும் என்பதையும் இந்த மலை சொல்லிக்கொடுத்தது. துலக்கும்போது எச்சிலில் ரத்தம், காலையில் வாய் நாற்றம், பல் நீண்டுவிட்டதுபோல் தோற்றம், முன்பில்லாத இடைவெளி, கடித்தால் லேசான ஆட்டம் – அடையாளங்கள் இவ்வளவுதான், இந்த வரிசையில்தான் பெரும்பாலும் வரும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்துகிறோம்; அது நோய்க்கு இடம் விட்டுக்கொடுப்பது. புகைப்பவருக்கு ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்தம் வருவதே குறையும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அவர் சொல்வதை நம்பக்கூடாது.

இனி ‘இயற்கை’க்கு வருவோம். ஏன் அந்த வாய்களில் அவ்வளவு படலம்? தமிழர் பல் துலக்கத் தெரியாதவர்கள் அல்ல. ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துப் பேசும் பழமொழியைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கும் சமூகம். அந்தப் பழமொழி மலை ஏறவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேலும் வேம்பும் வறண்ட, வெப்பமான தரையின் மரங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்கும் ஓயாத ஈரத்துக்கும் அவை பிடிகொடுப்பதில்லை. காட்டை அழித்துத் தேயிலையை நட்ட சரிவில் குச்சி ஒடிக்க வேறு மரம் தேடுவதும் லேசல்ல. விடிவதற்குள் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும்; பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒரு குடும்பம்; பல வீடுகளுக்கு ஒரு பீலித் தண்ணீர். கரியும் சாம்பலும் விரலும் இருந்தன. ஆனால் நோய் தொடங்குவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், விரல் போகாத சந்தில். ‘வழக்கமான வாய்ச் சுத்தம் எதையும் இவர்கள் செய்யவில்லை’ என்று அறிக்கை ஒரே வரியில் கடந்துபோவதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. குச்சி கிடைத்திருந்தால் மட்டும் ஈறு தப்பியிருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பல்லின் வெளிமுகத்தை மினுக்கும் வேலை அதற்குச் சரி, இடுக்கு அதற்கும் எட்டாது. சொல்ல வருவது, ஒரு பழக்கம் இல்லாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு என்பதுதான்.

வைத்தியம் எட்டாததற்கும் காரணம் உண்டு. தோட்டங்களில் மருத்துவமே இருக்கவில்லை என்பது தவறான சித்திரம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து முதலாளிகள் தலையில் சில கடமைகளைச் சுமத்தியது. டிஸ்பென்சரி இருந்தது, பிரசவ விடுதி சில இடங்களில் இருந்தது. கொக்கிப் புழுவை ஒழிக்க ராக்ஃபெல்லர் அறநிலையமே இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. கொக்கிப் புழு ரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கும். சோகை பிடித்த ஆள் கவ்வாத்துக் கத்தியைத் தூக்க மாட்டான். அதனால் அது கணக்கில் வந்தது. ஈறு அழுகினாலும் பல் ஆடினாலும் மட்டம் வெட்டவும் மருந்து அடிக்கவும் தடையில்லை. கொழுந்தின் நிறை குறையாது. தோட்டத்தின் மருத்துவம் உழைப்பைக் காக்கும் மருத்துவம். உழைப்பைத் தொடாத நோய் அதன் கண்ணில் படவில்லை. பேராதனையில் பல் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், அங்கிருந்து ஒருநாள் பஸ் தூரத்துக்குள் இருந்த மலைகளில் இந்த நிலை. 480 பேரின் வாயில் இருந்தது இயற்கை அல்ல, ஒரு நிர்வாக முறையின் பல வருடத்துப் படிவு.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: ஆய்வாளர்கள் நோயைக் கொடுக்கவில்லையே, இருந்ததை அளந்தார்கள், அவ்வளவுதானே? உண்மை. அமெரிக்காவில் அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை, பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் அரசே ‘கவனித்து’ வந்ததோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது. அங்கே சிகிச்சை ஆளிடம் போகாமல் தடுக்கப்பட்டது. சுவீடனின் விப்பஹோமில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துச் சொத்தையை வரவழைத்ததுபோன்றதும் அல்ல. இன்னொரு மறுப்பு: இந்த ஆய்வு இல்லாவிட்டால் வேகத்தில் இத்தனை வேறுபாடு உண்டு என்பதே தெரிந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறேன், கேள்வி உண்மையான கேள்வி. ஆனால் இரண்டு மறுப்புகளும் ஒரு விஷயத்தைத் தொடாமல் போகின்றன. படலம்தான் ஈறைக் கெடுக்கிறது, துலக்கினால் ஒரு வாரத்தில் ஈறு தேறும் என்பதை 1965இலேயே நிரூபித்தவர் வேறு யாருமல்ல, லோதான். அந்த அறிவோடுதான் 1970இல் மலை ஏறினார்கள். 1973இல் வெளியான இன்னொரு ஆய்வு, 48 மணிக்கு ஒருமுறை படலத்தை முழுதாக அகற்றினாலே ஈறு கெடாது என்று காட்டியது. அதில் பெயர் போட்டவர்களில் லோவும் ஒருவர். மருந்து விலை உயர்ந்ததும் இல்லை, எங்கோ தொலைவில் இருந்ததும் இல்லை.

இதே ஆண்டுகளில் சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பெர் ஆக்செல்சன், யான் லிண்டே இருவரும் 1971–72இலிருந்து 375 பேருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்து, துலக்கக் கற்றுக்கொடுத்துவந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க 180 பேரை வழக்கமான சிகிச்சையோடு விட்டிருந்தார்கள். ஆறு ஆண்டில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது: முதல் குழுவின் பல்லும் ஈறும் நிலைத்தன, இரண்டாவது குழு நழுவியது. ஒப்பீட்டுக் குழு அதோடு கலைக்கப்பட்டது. சிகிச்சைக் குழு மட்டும் 30 ஆண்டு வரை தொடர்ந்தது. கார்ல்ஸ்டாட்டில் சுமாரான கவனிப்போடு விடப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டு. தேயிலை மலையில் எந்தக் கவனிப்பும் இல்லாதவர்களுக்குப் பதினைந்து ஆண்டு, 2010 வரை எண்ணிப் பார்த்தால் நாற்பது. இரண்டும் ஸ்காண்டிநேவிய அறிவியலின் பெருமைக்குரிய ஆய்வுகள், ஒரே பாடப்புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் வருபவை. தனிமனிதர்களின் மனத்தைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எந்த வாயைக் காத்திருந்து பார்க்கலாம், எந்த வாயை உடனே திருத்த வேண்டும் என்பதை வாய் இருக்கும் இடம் தீர்மானித்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆய்வில் இன்னொரு எண் உண்டு, அதை எவரும் மனப்பாடம் செய்வதில்லை. 1970இல் 480 பேராக இருந்தவர்களில் 1985இல் கடைசி அளவைக்கு வந்தவர்கள் 161 பேர். ஆராய்ச்சி மொழியில் இது ‘விடுபட்டோர்’ தொகை. அளவை நடந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். 1948இலும் 1949இலும் வந்த சட்டங்களால் பெருவாரியான மலையகத் தமிழர் நாடற்றவர்களாகியிருந்தனர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கம்பி தோட்டத்துக்கு வந்து போன காலத்தின் பெரும்பகுதியில் தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டு அளவைக்கும் 1977ஆம் ஆண்டு அளவைக்கும் நடுவில் தோட்டங்களில் பஞ்சம். மாவுக்கு வரிசை, பட்டினிச் சாவுகள். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977 ஆகஸ்டில் கலவரம். 1982க்கும் 1985க்கும் இடையே 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை. ‘பின்தொடர முடியாமல் போனவர்கள்’ என்று அட்டவணையில் நிற்கும் 319 பேரை இந்த வரலாற்றுக்கு வெளியே வைத்து எண்ண முடியாது. இப்படிப்பட்ட 15 ஆண்டுகளில் ஒரு மக்கள்கூட்டத்தின் உடம்பில் நடந்ததை ‘இயற்கை வரலாறு’ என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 480 பேரில் பெண் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. கர்ப்ப காலத்தில் ஈறு இன்னும் எளிதில் வீங்கும், கசியும். மலையகத் தாய்மார்களின் வாய்க்குக் கணக்கே இல்லை.

இதனால் அந்த எண்களே பொய் என்றாகிவிடுமா? ஆகாது. படலம், காரை, ஈறு வீக்கம் மூன்றும் சேர்ந்துதான் சேதத்தை முன்தள்ளுகின்றன; புகை அதைத் தொடங்கிவைக்க உதவுகிறது; 30 வயதுக்குள் பிடிமான இழப்பு கொஞ்சமாக இருப்பவர்க்குத்தான் 60இல் 20 பல்லாவது மிஞ்ச வாய்ப்பு அதிகம் என்பதெல்லாம் இந்தத் தரவிலிருந்து வந்தவை; இன்றும் நிற்பவை. இங்கே நம் ஊர் அச்சம் ஒன்றுக்கும் பதில் கிடைக்கிறது. ‘பல்லை க்ளீன் பண்ணினால் இடைவெளி விழுந்து பல் ஆடும்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தோட்டத்தில் யாரும் பல்லை க்ளீன் பண்ணவில்லை. ஆனாலும் ஆடின, விழுந்தன. எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்ததும் தெரிவது முன்பே விழுந்துவிட்ட இடைவெளி. காரை ஒருமுறை கல்லாக இறுகிவிட்டால் எந்தப் பொடியாலும் பசையாலும் வீட்டில் போகாது. மருத்துவரின் கருவிதான் வேண்டும். மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்துத் துலக்குவது, இடுக்குக்குச் சிறு பிரஷ் அல்லது நூல், காரையை எடுப்பது, புகையையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவது – ஆரம்ப நிலையில் இதற்கு மேல் வைத்தியம் கிடையாது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோர் முற்றிய ஈறு நோயோடு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையில் மலையகத்தின் பங்கு இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில், குறைந்தபட்சம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும், ‘தேயிலைத் தொழிலாளர்கள்’ என்று எழுதும் இடத்தில் ‘மலையகத் தமிழர்கள்’ என்றும், ‘இயற்கை வரலாறு’ என்று சொல்லும் இடத்தில் ‘சிகிச்சை எட்டாதவர்களின் வரலாறு’ என்றும் ஆசிரியர் ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் பாடம் குறைந்துவிடாது.

2010இல் ஒரு குழு மறுபடி அவர்களைத் தேடிப் போயிற்று. 480 பேரில் 75 பேரின் வாயைப் பார்க்க முடிந்தது. நாற்பது ஆண்டில் ஈறு நோயால் இழந்தது ஆளுக்குச் சராசரி 13.1 பல். ஒரு பல்லையும் இழக்காதவர் 4 பேர். ஒரு பல்லும் இல்லாதவர் 12 பேர்.